சூரியத் தகட்டில் போரானும் மணிச்சத்தும்



போன மாதம் தாமல் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "ஐயா, சோலார் பம்பு காலையில நல்லாத் தள்ளுது. மூணு மணி ஆனா தண்ணி நூலாட்டம் வருது. மோட்டார் போச்சா?" என்றார். போய்ப் பார்த்தால் மோட்டாரில் கோளாறு ஒன்றுமில்லை. வரப்புத் தென்னையின் ஒரே மட்டை, இரண்டு மூன்று தகடுகளின் ஓரத்தில் நிழல் போட்டுக்கொண்டிருந்தது. "இத்தினியூண்டு நிழலுக்கா?" என்றார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

தகட்டில் இருப்பது சிலிக்கான். மணலிலும் வெள்ளைக் கூழாங்கல்லிலும் உள்ள பொருள்தான். அதற்காகப் பாலாற்று மணலை அள்ளிப் போட்டால் தகடு ஆகிவிடாது, அள்ளினது போதும். சுத்தமான கல்லிலிருந்து சிலிக்கானைப் பிரித்து, பல தடவை சுத்தம் செய்து, 1414 டிகிரியில் உருக்கிப் படிகமாக வளர்க்கிறார்கள். கற்கண்டு நூலில் வளருதே, அந்த மாதிரி. ஒரு சிறு படிகத்தை உருகின சிலிக்கானில் தொட்டு, சுற்றிக்கொண்டே மெதுவாக மேலே இழுப்பார்கள். அந்தச் சிறு படிகத்துக்கு 'விதை' என்றே பெயர். இப்படிப் படிகம் வளர்ப்பதை ஆராயவே சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-இல் படிக வளர்ச்சி மையம் தொடங்கினார்கள்.

வெறும் சிலிக்கான் மட்டும் போதாது. ஒரு பக்கம் போரான், மறுபக்கம் பாஸ்பரஸ் சேர்க்கணும். ஆமாங்க, தென்னைக்குப் போடுகிற போரான், சூப்பரில் இருக்கிற மணிச்சத்து! பாலுக்கு உறை ஊற்றுகிற கணக்குதான். பல லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒரு போரான் அணு. மணிச்சத்து அதைவிடக் கூடுதல். இரண்டும் சந்திக்கிற இடம் ஒரு மடை மாதிரி. வெயில் பட்டதும் எலெக்ட்ரான்கள் கிளம்பி, அந்த மடை வழியாக ஒரே பக்கம் ஓடும். அதுதான் மின்சாரம்.

எல்.இ.டி. விளக்கில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. மின்சாரம் கொடுத்தால் ஒளி வரும். அங்கே காலியம் என்ற உலோகத்தோடு சேர்வது நைட்ரஜன், அதாவது நம்ம தழைச்சத்து. அதில் நீல ஒளி வரவழைத்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. காஞ்சிபுரத்துத் தறிக்கு மேலே எரிகிற வெள்ளை விளக்குக்குள்ளும் அந்த நீலம்தான் இருக்கிறது.

நிழல் விஷயத்துக்கு வருவோம். ஒரு செல் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் கொடுக்கும். அதனால் பல செல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை வரை காயுதே, அப்படித்தான் இதுவும். பின்பக்கம் உள்ள டயோடு, நிழல் பட்ட வரிசையை ஒதுக்கிவிட்டு மற்றதை ஓட்டும். ஆனாலும் பெரும்பாலான தகடுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சூடும் ஆகாது. தகட்டின் சக்தியை 25 டிகிரியில் அளந்து எழுதியிருப்பார்கள். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரியைத் தொடும்போது, நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையும். ஆகவே தகட்டுக்கு அடியில் வைக்கோல் அடுக்காதீங்க, காற்று ஓடணும். தூசியை விடியற்காலையில் கழுவுங்க. உப்புத் தண்ணீர் கறை படியும். ஏரித் தண்ணீரே நல்லது.

அந்தப் பெரியவருக்குப் பச்சை மட்டையை வெட்ட மனசில்லை. ஒரு மட்டை போனால் ஒரு குலை போகும் என்றார், அதுவும் சரிதான். இப்போது மூன்று மணிக்குள் பாய்ச்சலை முடித்துக்கொள்கிறார். புதிதாகப் போடுகிறவர்கள், குழி தோண்டுமுன் வேளாண்மைப் பொறியியல் துறை ஆட்களிடம் காலை ஒன்பது மணி நிழலையும் மாலை நான்கு மணி நிழலையும் காட்டுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாயும். மர நிழல் வடக்கே இன்னும் நீளும்.