நித்தியகல்யாணியும் நர்ஸம்மாவும்

வாசல் ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் தானாக முளைத்துப் பூத்துக்கொண்டிருக்கும் அந்த ரோஸ் நிறப் பூவை அறியாதவர்கள் நம்மில் யார்? வருஷம் பூராவும் பூப்பதால் அதற்கு நித்தியகல்யாணி என்று பெயர். அதே செடியைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லுகிறவர்களும் உண்டு. மங்களத்துக்கு ஒரு பெயர், மயானத்துக்கு ஒரு பெயர்! பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, இரண்டும் பொருத்தமாகத்தான் இருக்கின்றன.

இந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் புற்று நோயால் வாடும் குழந்தைகளுக்கு இன்றும் அது ஒரு சஞ்சீவி. ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் உயிரைக் காக்கும். அதையே தவறிப்போய் முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் செலுத்திவிட்டால்? அநேகமாக மரணந்தான்.

"அப்படியும் செய்வார்களா?" என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். 2001 ஜனவரியில் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் நகரில் நடந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை. நோய் நன்றாகத் தணிந்து வந்த சமயம். அவனுக்கு முதுகில் போட ஒரு மருந்து, ரத்தக் குழாயில் போட வின்கிரிஸ்டின். இரண்டும் ஒரே வேளையில் டாக்டர்களின் கைக்கு வந்துவிட்டன. ஊசி போட்ட இளம் டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. "இதையும் முதுகிலா?" என்று கேட்டார். மேலே இருந்தவர் "ஆம்" என்றார். அதற்குமேல் கேட்கத் துணிவு வரவில்லை. பிப்ரவரி மாதம் பிறந்ததும் பிள்ளை போய்விட்டான்.

அளவிலும் தவறு வருவதுண்டு. அமெரிக்காவில் 'பாஸ்டன் குளோப்' பத்திரிகையில் ஆரோக்கியப் பகுதி எழுதிவந்த பெட்ஸி லேமன் என்ற பெண்மணி, 1994 டிசம்பரில் மார்புப் புற்று நோய்ச் சிகிச்சையின்போது காலமானார். நாலு நாளைக்குமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய மருந்தை ஒவ்வொரு நாளும் முழுசாக ஏற்றியிருந்தார்கள். டாக்டர், மருந்தாளர், நர்ஸ் என்று பல கைகளைத் தாண்டியும் அந்தத் தவறு பிடிபடவில்லை.

இத்தனைக்கும் அவர்கள் யாரும் படிக்காதவர்கள் அல்ல. படிப்பு வேறு, இந்த மருந்துகளைக் கையாளும் பழக்கம் வேறு. அந்தப் பழக்கத்துக்காகத்தான் தனிப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது.

பயிற்சிக்கு வரும் நர்ஸம்மா முதலில் கற்பது ஊசி போடுவதை அல்ல; தன்னைக் காத்துக்கொள்வதை! 1979-ல் பின்லாந்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இம்மருந்துகளைக் கையாண்ட நர்ஸுகளின் சிறுநீரைச் சோதித்ததில், மருந்து அவர்கள் உடம்புக்குள்ளும் போயிருக்கலாம் என்பதற்கு அடையாளம் தென்பட்டது. ஆகவே இரட்டைக் கையுறை, ஈரம் புகாத அங்கி எல்லாம் அவசியம். மருந்து கலப்பதும் மேஜைமேல் வைத்தல்ல. காற்றை வடிகட்டி இழுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள்.

இதில் ஒரு வேடிக்கையான பாடமும் உண்டு. மருந்துக்குப் பதில் ஒளிரும் சாயம் கலந்த தண்ணீரைக் கொடுத்து, "கலந்து காட்டுங்கள்" என்பார்கள். நர்ஸம்மா மிக நேர்த்தியாகச் செய்துவிட்டு, "ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை" என்று பெருமையோடு நிற்பாள். விளக்கை அணைத்து, ஊதா விளக்கைப் போடுவார்கள். கையுறையில், முழங்கையில், கதவுப் பிடியில்கூடப் புள்ளி புள்ளியாய் மின்னும்! ஆயிரம் உபதேசம் சொல்லாததை அந்த வெளிச்சம் சொல்லிவிடும்.

அடுத்தது நோயாளி. "நீங்கதானே மீனாட்சி?" என்று கேட்கக் கூடாது. பயந்துபோய்ப் படுத்திருப்பவர் எதற்கும் "ஆமாம்" என்பார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். உயரம், எடை பார்த்து அளவைக் கணக்கிட்ட பிறகு, இன்னொருவர் முதல் கணக்கைப் பாராமல் தாமே தனியாகக் கணக்கிட வேண்டும். ஊசி ரத்தக் குழாய்க்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்ஸோரூபிஸின் என்ற சிவப்பு மருந்து வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். "எரியுதம்மா" என்று நோயாளி முனகினால், மறு பேச்சில்லாமல் உடனே நிறுத்த வேண்டும்.

வின்கிரிஸ்டினுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் ஒரு வழி சொல்லிற்று. அதை ஊசிக் குழலில் நிரப்பவே வேண்டாம். சிறு பையில் உப்பு நீரோடு கலந்து ஏற்றுங்கள் என்றது. முதுகில் போடுவதற்குப் பையைக் கொண்டு போக யாருக்கும் தோன்றாது அல்லவா? இங்கிலாந்தில், பயிற்சி பெற்றுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் மட்டுமே இந்த வகை மருந்துகளை முதுகில் போடலாம் என்று விதியே செய்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. "டாக்டர், கொஞ்சம் நில்லுங்கள். இந்த அளவு சரிதானா?" என்று கேட்பதுதான் அது. பெரிய டாக்டருக்கு எதிரே நேற்று வந்த பெண் வாய் திறப்பது லேசான காரியமா? அதற்காகவே பயிற்சியில் வேண்டுமென்றே தப்பான சீட்டு எழுதிக் கொடுத்து, யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பதுண்டு. அன்று நாட்டிங்ஹாமில் அந்த இளம் டாக்டர் இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால்!

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. மருந்து ஏற்றிய பிறகு இரண்டு நாளைக்கு, நோயாளியின் சிறுநீர், வாந்தி இவற்றைக் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கறைபட்ட துணியைத் தனியே துவைக்க வேண்டும். "இது என்ன மருந்து? இன்று எத்தனையாவது நாள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல நர்ஸம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்; சந்தோஷப்படுவாள்.

அடுத்த தடவை வாசலில் நித்தியகல்யாணியைப் பார்க்கும்போது, அதற்குள்ள மற்றொரு பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் பலிக்காமல் பார்த்துக்கொள்வதற்காக எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண், மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, சீட்டை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருப்பாள்.