பதினைந்து வயது போருக்குப் போதுமா? உஹதிலிருந்து வினாயகபுரம் வரை

“ஸஹாபாக்கள் காலத்தில் பதினைந்து வயதில் யுத்தத்துக்குப் போயிருக்கிறார்களே சேர், இப்போது மட்டும் ஏன் பதினெட்டு என்கிறார்கள்?” காஸா செய்திகளைக் கையடக்கத் தொலைபேசியில் பார்த்து வளரும் எமது பிள்ளைகள் தரம் 10, 11 வகுப்புகளில் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. அதட்டி உட்கார வைத்தால், பதிலை அவன் யூடியூபில் யாரோ ஒருவரிடம் போய்க் கேட்பான். அதைவிட நாமே சொல்வது நல்லது.

அவர்கள் மனதில் இருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. உஹது யுத்தத்தின்போது 14 வயதில் அவர் முன்வந்தார், நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ் யுத்தத்தின்போது 15 வயதில் முன்வந்தார், அனுமதித்தார்கள். பிற்காலத்தில் இதை நாஃபிஉ (ரஹ்) அவர்கள் கலீபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் எடுத்துச் சொன்னபோது, சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையிலான எல்லை இதுவே எனக் கொண்டு, பதினைந்தை அடைந்தவர்களுக்கு உதவித்தொகை ஒதுக்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார்கள். எமது ஷாபிஈ மத்ஹபில் பருவ வயதுக்குச் சொல்லப்படும் 15 என்ற கணக்குக்கும் இதுவே ஆதாரம். (திருமண வயது விவாதத்திலும் இந்தப் பதினைந்து தலைகாட்டுகிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

இந்த அறிவிப்பின் பின்பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முன்பாதியைப் பாருங்கள். உஹதில் எதிரிகள் சுமார் 3,000 பேர். மதீனாவிலிருந்து புறப்பட்டவர்கள் சுமார் 1,000 பேர், அதிலும் ஒரு பகுதியினர் இடைவழியில் திரும்பிவிட்டார்கள். ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம் அது. அந்த நேரத்தில், தானாக விரும்பி வந்த பிள்ளையை, அதுவும் ஈமானில் குறை சொல்ல முடியாத வீட்டுப் பிள்ளையை, வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். உஸாமா பின் ஸைத், ஸைத் பின் ஸாபித் (ரலி) போன்றோரும் அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களே. ஆக, பிள்ளை விரும்பினானா என்பது அங்கு கேள்வியாகவே இருக்கவில்லை. மறுக்க வேண்டிய பொறுப்பு பெரியவரிடம் இருந்தது.

ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அம்பெய்வதில் வல்லவர் என்பதால் சேர்க்கப்பட்டதையும், அவரை மல்யுத்தத்தில் வீழ்த்துவேன் என்ற ஸமுரா (ரலி) அவர்களும் சேர்க்கப்பட்டதையும் சிலர் எதிர்வாதமாகக் காட்டுவர். இப்னு ஹிஷாமின் ஸீராவில் இருவருக்கும் வயது 15 என்றே உள்ளது. அவர்களும் முதலில் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு ஆளாளாகப் பார்க்கப்பட்டே சேர்க்கப்பட்டார்கள். பதினைந்துக்குக் கீழே கதவு மூடியிருந்தது என்பதற்குத்தான் இது ஆதாரம். பதினைந்தானவர் எல்லோரும் போக வேண்டும் என்பதற்கு இதில் ஆதாரமில்லை.

பருவமடைவது வேறு, பக்குவமடைவது வேறு என்ற பேதத்தையும் குர்ஆனே எமக்குக் கற்றுத் தருகிறது. அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாவது வசனம் பேசும்போது, திருமணப் பருவம் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தவில்லை. சோதித்துப் பார்த்து, ‘ருஷ்து’ எனும் பகுத்தறியும் பக்குவம் தென்பட்ட பிறகே ஒப்படைக்கச் சொல்கிறது. பக்குவம் வராதவனின் சொத்தை 25 வயதுவரை தடுத்து வைக்கலாம் என்பது இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. தென்னந்தோட்டத்தை நம்பிக் கொடுக்கவே இவ்வளவு யோசனை என்றால், துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டும்?

இதெல்லாம் எமக்குத் தூரத்துக் கதை அல்ல. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பஸ்ஸில் ஏறினால் தம்பிலுவில், திருக்கோவில் தாண்டி வருவது வினாயகபுரம். 2006 டிசம்பரில் அங்கே டியூசன் வகுப்புக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். எதிர்ப்பு எழுந்ததும் பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டனர். இது தனிச் சம்பவமும் அல்ல. 2003 முதல் 2008 முடிவு வரை புலிகள் சிறுவர்களைச் சேர்த்த 6,000-க்கும் அதிகமான சம்பவங்களை யுனிசெப் பதிவு செய்தது. 1998-இல் ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னுவிடம் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைச் சேர்க்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பின்னர் நடந்தவை இவை. 2004 ஏப்ரலில் வெருகல் சண்டைக்குப் பிறகு கருணா தன் படையைக் கலைத்தபோது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கிழக்கில் வீடு திரும்பினார்கள். அவர்களையே திரும்பவும் தேடி இயக்கம் வந்தது. பிறகு கருணா அணியும் தன் பங்குக்குப் பிடித்தது. அதற்குப் பாதுகாப்புத் தரப்பில் ஒரு பகுதியினர் துணைபோனதாக 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகர் அலன் றொக் பகிரங்கமாகவே சொன்னார்.

கேட்டால் ஒரே பதில்: “அவர்கள் விரும்பித்தான் வந்தார்கள்.” சிலர் விரும்பியும் போயிருக்கலாம். அண்ணனை இழந்தவன், வீட்டில் பட்டினி கிடந்தவன், சீருடையைக் கண்டு மயங்கியவன் என்று காரணங்கள் இருக்கும். ஆசிரிய கலாசாலையில் கல்வி உளவியல் படித்த எவருக்கும் இது தெரியும். கட்டிளமைப் பருவத்தில் துணிச்சல் முதலில் வருகிறது, விளைவை எடைபோடும் ஆற்றல் பின்னால் வருகிறது. மூளையில் அந்தப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் துணிச்சல் இன்னும் கூடும். ஆயுதக் குழுக்களுக்குப் பிடித்ததும் இதுவே. பிள்ளை ஏனென்று கேட்கமாட்டான், சம்பளம் கேட்கமாட்டான், மரணம் தனக்கு வராது என்று நினைப்பான். ரி-56 துப்பாக்கி குண்டு நிரப்பினாலும் ஐந்து கிலோவுக்குள்தான், பன்னிரண்டு வயதுக்காரனாலும் தூக்க முடியும். பதின்ம வயதினர் போருக்குத் ‘தகுதியானவர்கள்’ என்று தளபதிகள் சொல்வதற்குள் இருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

சர்வதேசச் சட்டமும் பதினைந்தில்தான் தொடங்கியது. 1977-இன் ஜெனீவா மேலதிக நெறிமுறைகளும் 1989-இன் சிறுவர் உரிமைச் சமவாயமும் அந்த வயதையே வைத்தன. பட்ட அனுபவத்தில்தான் 2000-இன் விருப்பு நெறிமுறை பதினெட்டுக்கு நகர்ந்தது. கட்டாய ஆட்சேர்ப்புக்கும், ஆயுதக் குழுக்களின் எந்தவித ஆட்சேர்ப்புக்கும் அதுவே எல்லை. பிரித்தானியா இன்றும் 16 வயதில் பெற்றோர் சம்மதத்துடன் இராணுவத்தில் சேர்ப்பது வெட்கக்கேடு என்பது என் கருத்து. இலங்கையில் 2006-இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி, ஆயுத மோதலுக்குச் சிறுவரைச் சேர்ப்பது 30 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

எமது பக்கத்தையும் பேச வேண்டும். சிறுவர்களைக் ‘கிலாபத்தின் சிங்கக்குட்டிகள்’ என்று அழைத்துத் துப்பாக்கி கொடுத்தது ஐ.எஸ். அமைப்பு. மார்க்கத்தின் பெயரால்தான் கொடுத்தது. ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம் உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யச் சொல்லி அனுப்பிய நபியின் உம்மத்துக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்! 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் 15 பேர் இறந்தார்கள், அதில் ஆறு பேர் சிறுவர்கள். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. அதனாலேயே, புலிச் சீருடையில் நின்ற பதினைந்து வயதுப் பிள்ளையைப் பாதிக்கப்பட்டவனாகப் பார்க்க எம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் யுத்தம் முடிந்தபோது சரணடைந்த 594 சிறுவர்களை அரசாங்கமே குற்றவாளிகளாக நடத்தாமல் புனர்வாழ்வளித்து வீட்டுக்கு அனுப்பியது. 2006-இல் வகுப்பறையை இழந்தவர்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். சாதாரண தரம் எழுதாமலே போனவர்கள் அவர்களுள் உண்டு. எமது கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் வேலை கேட்டு வருபவரிடம் “முந்தி இயக்கத்தில் இருந்தவரோ?” என்று விசாரிக்கும் முதலாளிமார், அப்போது அவருக்கு என்ன வயது என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.