ஒன்பதாவது விடை

வினாவுக்கு இறுக்கப்படும் விடை எட்டு வகைப்படும் என்பது நன்னூலார் துணிபு. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என அவற்றை நம் மாணவர் மனனஞ்செய்து ஒப்புவிப்பர். இவ்வெட்டினுள் மௌனத்துக்கு இடமில்லை. 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என உலகவழக்கில் ஒரு மொழி உண்டெனினும், இலக்கண நூலார் வாய்திறவாமையை விடையென ஏற்றிலர். ஆயின், அவர் ஏலாத அந்த ஒன்பதாவது விடையையே மூலதனமாகக் கொண்டு, ஐக்கிய அமெரிக்காவிலே பெருவணிகம் ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்றது. அஞ்சல்வழி இசைத்தட்டுக் கழகம் என்பது அதன் பெயர்.

இக்கழகங்கள் தோன்றியமைக்குக் காரணம் இரண்டு. முன்னைய அரக்குத் தட்டுக்கள் கனமுடையன, எளிதில் உடைவன, ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடமே ஒலிப்பன. 1948இல் கொலம்பியா கம்பனியார் வெளியிட்ட நெடுந்தட்டோ இலேசானது, எளிதில் உடையாதது, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலிப்பது. அஞ்சற்பையிலிட்டு ஆயிரங் கல் தொலைவு அனுப்புதற்கு அது தகுதியாயிற்று. மற்றைய காரணம் அந்நாட்டின் பரப்பு. பெருநகரங்களுக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலே நல்ல இசைத்தட்டுக் கடை காண்டல் அரிது. அஞ்சலோ எவ்வூரையும் எட்டிற்று. 1926இல் நிறுவப்பெற்ற 'மாதமொரு நூல்' கழகம் புத்தக விற்பனையிற் காட்டிய வழியைப் பின்பற்றி, 1955இல் கொலம்பியா தன் இசைத்தட்டுக் கழகத்தைத் தொடங்கிற்று. மேனாட்டுச் செவ்விசை, ஜாஸ், கேட்டற்கும் ஆடற்கும் உரிய இசை, நாடக - திரைப்பட இசை என்னும் நால்வகையுள் ஒன்றை உறுப்பினர் தமக்குரியதாகக் கொள்வர். அடுத்த ஆண்டில், தட்டுக்களை அனுப்பும் பணி நியூயோர்க்கிலிருந்து இந்தியானா மாநிலத்து ரெரே ஹோட் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. ஆர்.சி.ஏ. விக்டர், கப்பிற்றல் ஆகிய கம்பனிகளும் தத்தம் கழகங்களை அமைத்தன.

கழகத்திற் சேருமாறு அழைக்கும் விளம்பரங்கள் சஞ்சிகைகளிலும் ஞாயிறு இதழ்களிலும் வந்தன. பிற்காலத்தில் அவை 'ஒரு சதத்துக்குப் பன்னிரண்டு' என்று கூவின. பக்கம் நிறைய இசைத்தட்டு உறைகளின் சிறுபடங்கள். சில விளம்பரங்களில் அவை முத்திரைபோலக் கிழித்து ஒட்டத்தக்கன. விரும்பியவற்றைத் தெரிவுசெய்து, அட்டையில் ஒட்டி, ஒரு சத நாணயத்தையும் அதனோடு இணைத்து அஞ்சலிற் சேர்த்தால், சில வாரங்களிற் பொதி வந்து சேரும். கைம்மாறாக, குறித்த காலத்துள் மேலும் சில தட்டுக்களைக் கழகத்தின் முழுவிலைக்கு வாங்குவதாக உறுப்பினர் உடன்படல் வேண்டும். அம்முழுவிலை கடைகளிற் கிடைக்கும் விலையினும் பெரும்பாலும் மிகுதி, அனுப்புகூலியும் தனியே.

சூழ்ச்சி இனித்தான் வருகின்றது. மாதந்தோறும் கழகத்தின் சிற்றிதழ் ஒன்றும் அதனோடு ஓர் அட்டையும் வரும். அம்மாதத் தெரிவு வேண்டாம் என்பவர், அவ்வட்டையிற் குறித்துத் திருப்பி அனுப்புதல் வேண்டும். அனுப்பாதோர்க்குத் தட்டுத் தானே வரும்; விலைச்சீட்டும் வரும். 'வேண்டும்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லாமையே போதும். மறை கூற மறந்தவன் நேர்ந்தவனாகக் கொள்ளப்பட்டான். மறதியும் சோம்பலும் மனிதர்க்கு இயல்பு. அவ்வியல்பிலிருந்தே இலாபம் பிறந்தது. பாடியோர்க்கும் இதனாற் குறையுண்டு. இலவசமாக வழங்கிய தட்டுக்களுக்கு உரிமைப்பணம் அவர்க்குப் பெரும்பாலும் கிடைத்திலது.

இத்தகைய வணிகங்களைக் கட்டுப்படுத்த, அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1973இல் விதியொன்று வகுத்தது. நிபந்தனைகளைத் தெளிவாகக் கூறல் வேண்டும். 'வேண்டாம்' என்பதற்குக் குறைந்தது பத்து நாள் அவகாசம் அளித்தல் வேண்டும் என்பன அதன் கூறுகள். மௌனத்தை விடையாகக் கொள்வதை அது தடுத்திலது; மௌனத்துக்குத் தவணை கொடுத்தது.

இத்துணைக் குறையுடைய ஒன்றை அந்நாட்டார் பலர் இன்று ஏக்கத்தோடு நினைப்பது ஏன்? இளமையின் மயக்கம் என்று தள்ளிவிடுதல் எளிது. நான் அவ்வாறு கருதேன். பன்னிரண்டே தெரிவுசெய்யலாம் என்ற வரையறையிலே ஒரு கல்வி இருந்தது. பதின்மூன்றாவதை விரும்பினால், முன் எழுதிய ஒன்றை அடித்தல் வேண்டும். எதனை அடிப்பது? இவ்வினாவுக்கு விடை காணுமுன் சிறுவனொருவன் தன் உள்ளத்தைத் தானே பல தடவை ஆராய்தல் வேண்டும். பின்னர்க் காத்திருத்தல், வந்தபின் அப்பன்னிரண்டையே மாறிமாறிக் கேட்டல். கேளாது வந்த தட்டொன்றே பின்னாளில் உயிரனையதாயின வீடுகளும் இருந்திருக்கும். செய்யுள் கற்பிப்போர் இதன் உண்மையை அறிவர். நூறு செய்யுளை மேலோட்டமாகப் பார்த்த மாணவனினும், பன்னிரண்டை மனத்திருத்தியவனே சுவை அறிகின்றான்.

நெடுந்தட்டுக்குப் பின் ஒலிநாடாவும், அதன்பின் இறுவட்டும் அஞ்சலில் வந்தன. இறுவட்டுக் காலத்திலேயே இவ்வணிகம் உச்சியை அடைந்தது. 1994இல் அமெரிக்க இசைப்பதிவு விற்பனையில் ஏறத்தாழ 15 வீதம் கழகங்கள் வாயிலாக நிகழ்ந்தது. 1996இல் கொலம்பியா ஹவுஸின் வருமானம் 140 கோடி டொலர். பின்னர் வீழ்ச்சி விரைந்தது. பெருங்கடைகள் இறுவட்டை மலிவாக விற்றன. 1999இல் நப்ஸ்ரர், இணையவழியே பாடல்களைப் பணமின்றிப் பரிமாற வழி திறந்தது. 2003இல் அப்பிள் கம்பனியின் ஐரியூன்ஸ் கடை தனிப்பாட்டு ஒன்றை 99 சதத்துக்கு விற்றது. பாட்டுக்காக அஞ்சற்காரரை எதிர்நோக்கும் தேவை ஒழிந்தது. 2005இல் போட்டிக் கழகமான பி.எம்.ஜி., கொலம்பியா ஹவுஸை வாங்கிற்று. தன் இசைக் கழகத்தை 2009 யூன் 30இல் மூடிற்று. திரைப்பட வட்டுக்களை விற்று எஞ்சிநின்ற கொலம்பியா ஹவுஸின் உரிமையாளர் 2015 ஓகஸ்ற்றில் வங்குரோத்து நீதிமன்றத்தை நாடினர். அதற்கு முந்திய ஆண்டில் வருமானம் 1 கோடி 70 இலட்சம் டொலரே.

மாண்டது எது, மாளாதது எது என்பதே நாம் எண்ணத்தக்கது. இன்று மாதச் சந்தா செலுத்துவோர்க்குக் கோடிக்கணக்கான பாடல்கள் திறந்து கிடக்கின்றன. எதனையும் அடிக்க வேண்டியதில்லை. ஆதலின் எதனையும் ஆராய வேண்டியதுமில்லை. பன்னிரண்டைத் தெரிவுசெய்யும் உழைப்பு மாண்டது. மௌனத்தை விலைக்கு மாற்றும் உபாயமோ மாளவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லும்வரை சந்தா தானே புதுப்பிக்கப்படுகின்றது. சேர்வது எளிது, விலகும் வாயிலைக் காண்டல் பலவிடத்து அரிது. விலகுதலும் சேர்தல்போல் எளிதாதல் வேண்டும் என அதே ஆணைக்குழு 2024இல் ஒரு விதி வகுத்தது. வகுத்த முறையிற் பிழையுண்டெனக் கூறி மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2025 யூலையில் அதனைத் தள்ளிற்று. கழகங்கள் போயின, அவற்றின் நல்லதும் உடன் போயிற்று, தீயது மட்டும் வாரிசுகளிடம் தங்கிற்று.

எனினும், போன நல்லதை மீட்டற்குக் கம்பனி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். மாணவர்காள், உங்கள் உள்ளத்துக்கு உகந்த பாடல் பன்னிரண்டை எழுதிப் பாருங்கள்; பதின்மூன்றாவது வந்து நிற்கும்போது எதனை அடிப்பீர்கள் என்றும் பாருங்கள். வேண்டாதது வாயிலில் வந்து நின்றால், வாய்திறந்து மறை கூறுங்கள். நன்னூலாரும் நேருக்கு முன்னே மறையை வைத்தார்.