புதிய கமராவும் தொழின்முறைப் புகைப்படக்காரரும்: நிக்கொனின் எழுச்சி பற்றிய ஒரு குறிப்பு

பெருநிறுவனங்கள் ஆதிக்கம் செலுத்தும் ஒரு துறையிலே, அதிகம் அறியப்படாத கமரா உற்பத்தியாளர் ஒருவர் தொழின்முறைப் புகைப்படக்காரரைத் தம்பக்கம் ஈர்த்துக்கொள்ள முடியுமா? இவ்வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படும். தரம் தானாகவே வெல்லும் என்பது ஒன்று. புகழ்பெற்ற ஒருவரின் கண்ணிற் பட்டால் வெல்லலாம் என்பது மற்றையது. இவ்விரு விடைகளுக்கும் சான்றாகக் காட்டப்படும் நிகழ்ச்சியொன்று 1950இல் தோக்கியோவில் நடந்தது. அதனை நுணுகி நோக்கின் இரண்டினதும் போதாமை புலனாகும்.

அமெரிக்க ‘லைஃப்’ சஞ்சிகையின் புகைப்படக்காரரான டேவிட் டக்ளஸ் டங்கனை, மங்கிய ஒளியிலே யப்பானியரான ஜுன் மிகி படம்பிடித்தார். அப்படத்தின் தெளிவு டங்கனை வியப்பில் ஆழ்த்தியது. பயன்பட்டது நிப்பொன் கோகாக்கு நிறுவனத்தின் 85 மில்லிமீற்றர் நிக்கோர் வில்லை. தொழிற்சாலைக்கு நேரிற் சென்று வில்லைகளைப் பரிசோதித்த டங்கன், 1950 ஜூன் 25இல் கொரிய யுத்தம் மூண்டதும் அவற்றுடனேயே களத்துக்குச் சென்றார். அவ்வாண்டு டிசெம்பரில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ அவ்வில்லைகளின் சிறப்புப் பற்றி எழுதியது. நிக்கொனின் புகழுக்கு வழக்கமாகக் கூறப்படும் வரலாறு இதுவே.

ஆயின், டங்கன் கண்ட வில்லை எங்கிருந்து வந்தது? நிப்பொன் கோகாக்கு 1917இல் மிற்சுபிசி மூலதனத்துடன் தோன்றியது. 1921இல் யேர்மனியப் பொறியியலாளர் எண்மர் அங்கு வந்து தமது தொழிலறிவைப் பகிர்ந்தனர். யப்பானிய ஏகாதிபத்தியத்தின் படைகளுக்குத் தூரமானிகளையும் தொலைநோக்கிகளையும் ஆக்குவதே அந்நிறுவனத்தின் முதன்மைப் பணியாயிற்று. 1945இன் தோல்வியோடு படைத்துறைக் கேள்வி அற்றுப்போகவே, அத்தொழிற்றிறன் கமராவின் பக்கம் திரும்பியது. முதல் நிக்கொன் 1948இல் வெளிவந்தது. எனவே கமராச் சந்தையிலே புதியதாகவும் சிறியதாகவும் தோன்றிய இந்நிறுவனம், முப்பதாண்டு உழைப்பின் திரட்சியைத் தன்னகத்தே கொண்டிருந்தது. வில்லையைத் தீட்டிய தொழிலாளரின் பெயர்களோ அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை.

அடுத்து, தொழின்முறைப் புகைப்படக்காரரின் நிலையை நோக்குதல் வேண்டும். பொழுதுபோக்காளருக்குக் கமரா ஒரு நுகர்பொருள். இவருக்கோ அது உழைப்புக் கருவி. கருவி பழுதானால் படம் இல்லை. படம் இல்லையேல் ஊதியமும் இல்லை. பழகிய கருவியை அவர் எளிதிற் கைவிடாமை இரசனையின் பிடிவாதமன்று, பிழைப்பின் நிர்ப்பந்தம். நிக்கோர் வில்லைகள் இவ்விடத்திலேதான் வழி கண்டன. லைக்காவின் திருகு இணைப்புக்குப் பொருந்துமாறும் அவை செய்யப்பட்டிருந்தன. டங்கன் தமது லைக்காவைக் கைவிடவில்லை. அதிலேயே நிக்கோரைப் பொருத்தினார். புதியது பழையதன் உள்ளே புகுந்தே தன்னை நிலைநாட்டியது.

வில்லை பெற்ற வெற்றியைக் கமரா உடனே பெறவில்லை என்பதும் இங்கு அவதானிக்கத்தக்கது. முதல் நிக்கொனின் படச்சட்டம் 24×32 மில்லிமீற்றர். லைக்கா நிலைநாட்டிய 24×36 அளவையே உலகச் சந்தை வழமையாக ஏற்றிருந்தது. 1954இல் வந்த எஸ்2 மாதிரியிலேதான் நிக்கொன் அவ்வளவை முழுமையாகப் பின்பற்றியது. அவ்வாண்டிலேயே லைக்கா தனது எம்3 கமராவை வெளியிட்டுத் தூரமானிக் கமராவில் தன் மேன்மையை உறுதிப்படுத்தியது. அக்களத்திலே லைக்காவை மேவுதல் எளிதாயிருக்கவில்லை. 1959இல் வந்த நிக்கொன் எஃப் களத்தையே மாற்றியது. வில்லையின் வழியாகவே காட்சியைக் காணும் தனிவில்லைத் தெறிப்புக் கமரா அது. வில்லை, காட்சிகாணி, குவியத்திரை யாவும் மாற்றத்தக்கவை. படச்சுருளை நகர்த்தும் மோட்டாரையும் இணைக்கலாம். செய்தி, விளையாட்டு, யுத்தம் எனப் பல்வேறு வேலைகளுக்கும் ஓர் உடலே போதுமானதாயிற்று. 1960களில் வியட்நாம் யுத்தத்தைப் படம்பிடித்தோர் பலரது கைகளில் அது இருந்தது.

டங்கனின் பாத்திரத்தை நாம் மறுக்கவில்லை. நல்ல வில்லையை இனங்காணும் கண் அவரிடம் இருந்தது. ஆனால் அக்கண்ணுக்கு முன்னே வில்லையைக் கொணர்ந்தவை திரண்ட உழைப்பும், யப்பான் மீதான அமெரிக்க ஆக்கிரமிப்பும், கொரிய யுத்தமும், படங்களை விரைந்து கோரிய சஞ்சிகை முதலாளித்துவமுமாகும். படைப்பாளியைக் ‘கண்டெடுத்த’ பதிப்பாசிரியரோடு இலக்கிய வரலாற்றைத் தொடங்குவோரும் இதே தவறையே செய்கின்றனர்.

ஆகவே தொடக்க வினாவுக்கு விடை ‘முடியும்’ என்பதே. எனினும் நிபந்தனைகள் உண்டு. உழைப்பாளரின் இருக்கும் கருவியோடு புதியது இசைய வேண்டும். அவரது வேலையின் இடர்ப்பாடு ஒன்றையேனும் அது தீர்க்க வேண்டும். தோல்விகளைத் தாங்கி மீண்டும் முயலும் உற்பத்தி வலுவும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். இவற்றுள் இறுதியானது திறமையால் மாத்திரம் கிட்டுவதன்று. மூலதனமற்ற சிறு உற்பத்தியாளர் பலர் நல்ல கருவியைச் செய்தும் தோற்பதன் காரணம் இங்கேயே உள்ளது.