குழலுக்குள் பார்க்க வேண்டியவை

வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டிக்கும் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் பிரிட்டனில் 1860-களில் தோட்டாத் துப்பாக்கிகளுக்கு வழிவிட்டன. இன்றும் அவற்றைச் சுடுவோர் அங்கே உண்டு. பழையது ஒன்று கைக்கு வந்தால் முதல் கேள்வி, உள்ளே மருந்து இருக்கிறதா என்பதே.

ஈரம் அண்டாத கருமருந்து தலைமுறைகள் கடந்தும் வீரியம் இழப்பதில்லை. 1780-இல் நியூயார்க்கில் மூழ்கிய ‘ஹஸ்ஸார்’ போர்க்கப்பலின் பீரங்கி ஒன்றை 2013-இல் துரு நீக்கியபோது குண்டும் மருந்தும் உள்ளேயே இருந்தன. மருந்து எரியும் நிலையிலும் இருந்தது. துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்று கண்டறிவது எளிது. கெட்டிக்கும் குச்சியை அடிவரை இறக்கி, வாயருகே விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைக்க வேண்டும். முனை ஏறக்குறைய, தீ மூட்டும் கேப்பை மாட்டும் நிப்பிள் வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் ஏதோ அடைத்திருக்கிறது. இரு குழல்களையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

அடுத்தது குழலின் உடல். இரும்பையும் எஃகையும் முறுக்கி, தண்டின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியவை டமாஸ்கஸ் குழல்கள். மேலே தெரியும் அலைக்கோலம் கண்ணைப் பறிக்கும். ஆபத்து உள்ளே இருக்கிறது. எரிந்த மருந்தின் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அழுத்தம் மிகுந்த அடிப்பகுதியில் அரிப்புக் குழிகள் இருந்தால் அதுவே பெரிய கேடு. அடியை மூடும் மரைத்திருகின் துரு, அதைக் கழற்றினால்தான் தெரியும். வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கையில் நிழல்வளையம் விழுந்தால், அங்கே குழல் ஒருமுறை உப்பியிருக்கிறது. பானையைப் போலத் தொங்கவிட்டுத் தட்டினால், இரு குழல்களையும் இணைக்கும் பட்டை விட்டிருப்பதை மந்த ஒலி காட்டும். சுவரின் கனத்தைக் காட்டாது. கனத்தைக் கருவியால்தான் அளக்க வேண்டும். குழிகள் மறையும்வரை உள்ளே உரசிப் பளபளப்பாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். குழி போகும், சுவரும் மெலியும். வாங்குபவரின் இடக்கையைப் பணயம் வைக்கும் செயல் அது.

நிப்பிளின் துளை தேய்ந்து அகன்றால் தீ பின்னோக்கிச் சீறும். கேப்பை அடிக்கும் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால், விசையை அழுத்தினாலும் அது விழக்கூடாது.

லண்டனிலும், 1813 முதல் பர்மிங்காமிலும் இயங்கும் சோதனைச் சாலைகள் மிகைமருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை பதிக்கின்றன. பழைய முத்திரை அன்றைய வலுவுக்கு மட்டுமே சாட்சி. சந்தேகமிருந்தால் மறுசோதனைக்கு அனுப்பலாம். குழல் அங்கே வெடித்தால் யார் கையும் போகாது. தேறினாலும் கருமருந்து மட்டுமே இட வேண்டும். புகையிலா மருந்தின் அழுத்தத்தை இந்தக் குழல்கள் தாங்கா.