வட்டிக்காரரும் வெள்ளித்திரையும்

பணக்காரரைத் திரையில் வில்லனாகக் காட்டினால், அதன் பின்னால் அரசியல் சூழ்ச்சி இருக்குமோ என்று ஐயப்படுவது பழைய வழக்கம். அமெரிக்காவே இதற்குச் சான்று. 1946-இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில், பாட்டர் என்னும் செல்வந்தர் ஈவிரக்கமற்ற வங்கிக்காரராக வருவார். வங்கியாளர்களை இழிவுபடுத்தும் கம்யூனிஸ்ட் உத்தி இது என்ற சந்தேகத்தை எஃப்.பி.ஐ. 1947-இல் தன் கோப்பில் குறித்து வைத்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படத்தின் கதாநாயகனும் கடன் கொடுப்பவன்தான்! ஏழைகள் சொந்த வீடு கட்ட அவன் கடன் தருகிறான். படம் சாடியது கடனை அல்ல, கடன் கொடுப்பவரின் பேராசையை.

நம் தமிழ்ப் படங்களும் இதற்கு விலக்கல்ல. அறிஞர் அண்ணா எழுதிய 'வேலைக்காரி' 1949-இல் வெளிவந்தது. ஜமீன்தார் வேதாசல முதலியாரிடம் பட்ட கடனால் தந்தை உயிரை மாய்த்துக்கொள்ள, மகன் ஆனந்தன் பழிவாங்கக் கத்தியை எடுக்கிறான். நண்பன் தடுத்து, அறிவு வழியைக் காட்டுகிறான். 1952-இல் கலைஞர் வசனத்தில் வந்த 'பராசக்தி'யைத் தடை செய்யவேண்டும் என்றே குரல்கள் எழுந்தன. படம் தடைபடவில்லை.

இப்படங்கள்தாம் மக்களிடம் கோபத்தை மூட்டினவா? பாலக்காட்டு ரயில்வே குடியிருப்புகளிலும், தேவிகுளம், பீர்மேடு தோட்ட லயங்களிலும் வாழ்ந்த நம்மவர்க்கு வட்டிக்காரரை அறிமுகப்படுத்த சினிமா தேவைப்படவில்லை. சம்பள நாளன்று அவரே வாசலில் வந்து நிற்பார். ஊரில் நாம் கந்து வட்டி என்பதற்கு இங்கே 'பிளேடு' என்று பெயர். பெயரே போதும்!

திரையில் கண்டதைச் சட்டமும் பிற்பாடு ஒப்புக்கொண்டது. அதீத வட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-இலும் கேரளம் 2012-இலும் சட்டம் இயற்றின. 2014-இல் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் பிளேடுக்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்தது.

செல்வர் எல்லாரும் கொடியவர் என்று பிள்ளைகள் எண்ணவேண்டாம். கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்பது கேட்கச் சிறிது. ஆண்டுக்கு அது 60 சதவீதம். கையெழுத்திடும் முன் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.