மாத்தளைக்குச் செல்லும் மலைவழி

பயணத்தின் பயன் சேருமிடத்தை அடைதல் மட்டுமன்று; செல்லும் வழியைக் கண்ணாரக் கண்டு களித்தலும் அதன் பயனேயாகும். கொழும்பிலிருந்து கண்டி வழியாக மாத்தளையை அடையும் புகையிரதப் பாதை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். வயல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த சமவெளியைக் கடந்து மலைமீதேறும் இப்பாதை, இயற்கையெழிலையும் வரலாற்றையும் ஒருங்கே காட்டுகின்றது.

மலையேற்றம் இறம்புக்கனையில் தொடங்குகின்றது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்துள் பாதை 400 மீற்றருக்கு மேல் உயர்கின்றது. அஃதாவது, 45 அடி முன்செல்ல ஓரடி ஏறுகின்றது. வீதியிற் செல்லும் வண்டிக்கு இஃது எளிய ஏற்றமே. இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும் இரும்புச் சக்கரத்துக்கோ பிடிப்புக் குறைவாதலின் பெரிதும் கடினமானது. ஆதலால் நீராவி எஞ்சின் காலத்தில் மற்றுமோர் எஞ்சின் பின்புறம் நின்று வண்டியைத் தள்ளிச் சென்றது. ஏற்றத்தால் விளையும் இம்மந்தகதியே பயணிக்குப் பெரும்பேறாகும். ஒருபுறம் பாறைச் சுவர். மறுபுறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. சுரங்கத்தின் இருளினின்று வெளிப்படுந்தோறும் காட்சி புதிதாகத் தோன்றும்.

காற்றும் மாறுகின்றது. மேலே செல்லச் செல்ல வளியமுக்கம் குறைதலால் காற்று விரிந்து குளிர்கின்றது. 1,000 மீற்றர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியசு வெப்பம் குறையும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கடுகண்ணாவையில் பயணி உணரும் குளிர்ச்சி இதன் விளைவேயாகும்.

பேராதனைச் சந்தியில் பதுளைப் பாதை பிரிந்து செல்கின்றது. மாத்தளைப் பாதையோ கண்டியைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைத் தாண்டி, வத்துகாமம், உக்குவளை வழியாக மாத்தளையில் முடிவுறுகின்றது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப் போன்று அதன் சிகரங்கள் தோன்றியமையால் ஆங்கிலேயர் அப்பெயரை இட்டனர்.

இப்பாதை காட்சியின்பத்துக்காக அமைக்கப்பட்டதன்று. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1869இல் கோப்பிச் செடியின் இலைநோய் தோன்றிற்று. 1880இல் பாதை மாத்தளையை எட்டியபொழுது, அதனை வேண்டி நின்ற கோப்பிப் பயிரே அழிந்துகொண்டிருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதனிடத்தைப் பெற்றன.

மாத்தளைக்கு வேறொரு வழியும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட ஊர்களினின்று புறப்பட்ட தொழிலாளர், கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்தனர். பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களைப் பின்தொடர்ந்தன. வழியோரத்தில் மாண்டோர் பலர். எஞ்சியோர் கண்ட முதல் மலைநகர் மாத்தளை. அங்கே எழுந்த முத்துமாரியம்மன் கோயிலும் அதன் மாசிமகத் தேர்த்திருவிழாவும் அம்மக்களின் வழித்தோன்றல்களுடைய வாழ்வோடு இன்றும் பிணைந்துள்ளன.

தெற்கிலிருந்து வரும் இரும்புவழி மாத்தளையில் முடிகின்றது. வடக்கிலிருந்து வந்த கால்வழியோ அங்கேதான் மலையைத் தொட்டது. ஒருவழியில் வருவோர்க்கு மலைக்காற்று இன்பம். மறுவழியில் வந்தோர்க்கு அது போர்வையற்ற இரவின் குளிர். இன்று சாளரத்தினூடே நம் கண்ணுக்கு விருந்தாகும் பசுஞ்சரிவுகளிற் பல, காடாயிருந்து அவர்தம் கைகளால் தோட்டமானவை. இதனையறிந்து நோக்குவார்க்கு மலையின் அழகு குறைவதில்லை. அதன் பொருள் மிகுகின்றது.